நடுவில் 251 காஸ் காந்தப்புலம் வரவேண்டிய காயிலில் 176தான் வருகிறது, ஏன்?

கேட்டிருப்பவர் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். டிரில் பிட்டும் டேப்பும் காந்தம் ஏறிப்போய் இரும்புத் தூளை இழுத்துக்கொண்டே வருவதால், காந்தம் இறக்க ஒரு காயில் கட்டி வாங்கியிருக்கிறார். கம்பி சுற்ற ஃபைபர் பாபின் (கூடு), உள்விட்டம் 80 மி.மீ., கட்டி முடித்த பிறகு வெளிவிட்டம் 110 மி.மீ., நீளம் 100 மி.மீ., 19 கேஜ் எனாமல் கம்பி, 1000 சுற்று. ஏசியில் போடும் முன் சோதித்துப் பார்க்கலாம் என்று கார் பேட்டரியில் கொடுத்திருக்கிறார். 2 ஆம்பியர் எடுத்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்த சூத்திரத்தில் போட்டால் 251 காஸ். காஸ் மீட்டர் காட்டியது நடுவில் 176, வாயில், அதாவது காயிலின் திறந்த முனையில், 110, வாயைவிட்டு 5 செ.மீ. வெளியே 28. "மீட்டர் தப்பா, இல்ல கட்டினவர் சுத்தைக் கொறச்சுட்டாரா? காயிலுக்கு வெளியே புலமே இருக்காதுன்னுதானே படிச்சோம்? ஓரத்துல எவ்வளவு இருக்கும்? உள்ளே ஒரு இரும்புத் தடியை வெச்சா ஆயிரம் மடங்கு ஏறுமா?" இதுதான் அவர் கேட்டது.

மீட்டரும் தப்பில்லைங்க, கட்டினவரும் தப்பில்லை. நீங்கள் போட்ட சூத்திரம் வேறொரு காயிலுக்கு எழுதியது. இரண்டு பக்கமும் முடிவே இல்லாமல் நீண்டு கிடக்கிற காயிலுக்கு. உங்களுடையது 10 செ.மீ. நீளமும் சராசரியாக 9.5 செ.மீ. விட்டமும் கொண்ட குட்டைக் காயில். கிட்டத்தட்ட நீளமும் அகலமும் ஒன்று. அதற்கு அந்தச் சூத்திரம் கால் பங்குக்கு மேல் கூட்டித்தான் சொல்லும்.

முதலில் அலகு. பாடப்புத்தகம் டெஸ்லாவில், மீட்டரில் பேசும். உங்கள் மீட்டர் காஸில், உங்கள் ஸ்கேல் செ.மீ.யில் பேசும். 1 டெஸ்லா 10,000 காஸ். இரண்டுக்கும் நடுவே பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டினால்தான் தப்பு வரும். அதனால் நான் பட்டறைக் கணக்காகவே சொல்கிறேன். காஸும் செ.மீ.யும் வைத்துக்கொண்டால், மியூ நாட் என்று படித்த அந்த மாறிலி வெறும் 1.257 ஆகிவிடும். நான்கு பையைப் பத்தால் வகுத்தது, அவ்வளவுதான். அப்புறம் ஆம்பியர்-சுற்று: உங்களுக்கு 1000 சுற்று, 2 ஆம்பியர், ஆக 2000. கீழே எல்லாக் கணக்கிலும் இந்த 2000 வரும்.

நீங்கள் போட்டது: 1.257 × ஆம்பியர்-சுற்று ÷ நீளம். 1.257 × 2000 ÷ 10 = 251. கணக்கு சரி, காயில்தான் அது இல்லை.

எல்லாச் சூத்திரத்துக்கும் தாய் ஒன்றே ஒன்றுதான், ஒற்றை வளையத்தின் சூத்திரம். 1820இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட் மின்கம்பி பக்கத்தில் காம்பஸ் முள் திரும்புவதைக் கண்டு எழுதினார். அதே ஆண்டு முடிவதற்குள் பாரிஸில் பியோவும் சவாரும் கம்பியின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு புலம் தருகிறது என்பதற்கு விதி கண்டுவிட்டார்கள். அந்தத் துண்டுகளை ஒரு வட்டம் முழுக்கக் கூட்டினால், வளையத்தின் அச்சில் வரும் புலம்: 0.6283 × ஆம்பியர்-சுற்று × ஆரத்தின் வர்க்கம், இதை வளைய விளிம்புக்குள்ள சாய்தூரத்தின் கனத்தால் வகுக்க வேண்டும். சாய்தூரம் என்றால் நீங்கள் அளக்கிற புள்ளியிலிருந்து கம்பிக்கு நேர்கோட்டில் உள்ள தூரம். காயில் என்பது இப்படிப்பட்ட ஆயிரம் வளையம் அடுக்கியது. ஒவ்வொன்றுக்கும் போட்டுக் கூட்டினால் முடிந்தது. எக்செல்லில் ஆயிரம் வரி எழுதினாலும் விடை ஒன்றேதான். ஆனால் அச்சில் மட்டும் அளப்பதாக இருந்தால் அந்தக் கூட்டலை யாரோ முன்னமே செய்து சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

சுருக்கம் இது. நீங்கள் அளக்கிற புள்ளியிலிருந்து காயிலின் ஒரு முனைக்கு அச்சு வழியாக எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அதே புள்ளியிலிருந்து அந்த முனையின் கம்பி விளிம்புக்குச் சாய்தூரம் எவ்வளவு என்று பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். அடுத்த முனைக்கும் இப்படியே. புள்ளி காயிலுக்கு உள்ளே இருந்தால் இரண்டையும் கூட்டுங்கள். வெளியே இருந்தால், இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்துவிடுவதால், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்ததை 251இன் பாதியால், அதாவது 125.7ஆல் பெருக்குங்கள்.

போட்டுப் பார்ப்போம். ஆரம் 4.75 செ.மீ. என்று வைக்கிறேன், உள் ஆரம் 4க்கும் வெளி ஆரம் 5.5க்கும் சராசரி. நடுப்புள்ளியிலிருந்து முனைக்கு 5 செ.மீ.; சாய்தூரம் 5இன் வர்க்கமும் 4.75இன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால் 6.897. 5 ÷ 6.897 = 0.725. இரண்டு முனைக்கும் அதேதான், 1.45. பெருக்கினால் 182 காஸ்.

வாயில்: ஒரு முனை 10 செ.மீ. தள்ளி, சாய்தூரம் 11.07, வகுத்தால் 0.903. மற்ற முனையிலேயே நிற்கிறோம், அதனால் அது பூஜ்ஜியம். விடை 113.5 காஸ். வாயிலிருந்து 5 செ.மீ. வெளியே: தூர முனைக்கு 15 செ.மீ., 0.953, கிட்ட முனைக்கு 5 செ.மீ., 0.725, கழித்தால் 0.228, விடை 28.7 காஸ்.

உங்கள் மீட்டர் சொன்னது 176, 110, 28. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சதவீதம் குறைவு, அவ்வளவுதானே. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

"வாயில் நடுவில் உள்ளதில் பாதி" என்று படித்திருப்பீர்கள். அதுவும் நீண்ட காயிலுக்குத்தான். உங்களுக்கு வாயில் நடுவில் உள்ளதில் 62 சதவீதம். வாயில் புலம் அதிகமாக ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, நடுவிலேயே குறைந்துவிட்டது. நீண்ட காயில் சூத்திரத்தை எப்போது நம்பலாம் என்றால், நீளம் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு இருந்தால் நடுவில் இரண்டு சதவீதம்தான் பிசகும். ஏழு மடங்கு இருந்தால் ஒரு சதவீதம். அதற்குக் கீழே அதைத் தொடாதீர்கள்.

சராசரி ஆரம் வைத்தது சரியா என்று கேட்பீர்கள். கம்பி பதினோரு பன்னிரண்டு அடுக்காக இருக்கிறதே, உள் அடுக்கும் வெளி அடுக்கும் ஒன்றா? தடித்த காயிலுக்கு லாகரிதம் வரும் ஒரு சூத்திரம் இருக்கிறது. வெளி ஆரத்தோடு அதன் சாய்தூரத்தைக் கூட்டி, உள் ஆரத்தோடு அதன் சாய்தூரத்தைக் கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுத்து இயற்கை லாகரிதம் எடுத்து, அதை 0.6283 × ஆம்பியர்-சுற்று ÷ அடுக்குத் தடிப்பு என்பதால் பெருக்க வேண்டும். உங்கள் காயிலுக்கு அது 182.4 தருகிறது, சராசரி ஆரம் 182.2 தந்தது. இந்த அளவுக்குத் தடிப்பு இருக்கும்வரை சராசரியே போதும். வெளி ஆரம் உள் ஆரத்தைப் போல் இரண்டு மடங்கு என்று போகும்போது லாகரிதத்தைத் தேடுங்கள்.

இனி அந்த மூன்று சதவீதம். உங்கள் கம்பியின் மொத்த நீளம் ஏறக்குறைய 298 மீட்டர், தடை 6.3 ஓம், தாமிரத்தின் எடை ஏறக்குறைய 2.2 கிலோ. 2 ஆம்பியரில் 25 வாட் சூடு உள்ளேயே தங்குகிறது. 2.2 கிலோ தாமிரத்தை 25 வாட் ஐந்து நிமிடம் சூடாக்கினால் 9 டிகிரி ஏறும். தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். ஆகவே தடை மூன்றரை சதவீதம் கூடி, பேட்டரி வோல்ட் மாறாதபோது ஆம்பியர் 2இலிருந்து 1.93க்கு இறங்கும். 182 அப்போது 176 ஆகிவிடும். நீங்கள் ஸ்விட்ச் போட்டவுடன் ஆம்பியரைப் பார்த்துவிட்டு, அப்புறம் காஸ் மீட்டரைத் துழாவிக்கொண்டு இருந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். காஸ் அளக்கும் அதே நொடியில் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். புலம் ஆம்பியரைத்தான் பார்க்கும், வோல்ட்டை அல்ல. பேட்டரிக்குப் பதில் மின்னோட்டத்தைப் பிடித்து வைக்கிற பவர் சப்ளை இருந்தால் இந்தத் தொந்தரவே இல்லை.

அளக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். ஹால் புரோபின், அதாவது காஸ் மீட்டரின் உணரியின், தட்டையான முகம் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் ஒன்றரை சதவீதம் போய்விடும். அப்புறம் பூமியின் புலம். நம் கோயம்புத்தூர் பக்கம் அது ஏறக்குறைய 0.4 காஸ். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால் இங்கே அது கிட்டத்தட்டப் படுத்தபடியே வடக்கு நோக்கி இருக்கும். 176இல் 0.4 ஒன்றுமில்லை. காயிலை விட்டு 30 செ.மீ. தள்ளிப் போனால் அதுதான் பாதி ஆள். அங்கே அளக்கும்போது பேட்டரி முனையை மாற்றி இரண்டு தடவை அளந்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். பூமியும் மீட்டரின் பூஜ்ஜியப் பிசகும் சேர்ந்து கழிந்துவிடும்.

இப்போது கட்டினவர் மேல் வந்த சந்தேகத்துக்கு வருவோம். நம் ஊரில் இது சும்மா வருகிற சந்தேகம் இல்லை. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியாது. 19 கேஜுக்குப் பதில் 20 கேஜில் 800 சுற்றுச் சொச்சம் கட்டினாலும் அதே 6.3 ஓம்தான் காட்டும். எடை காட்டிக்கொடுக்கும், அதில் தாமிரம் 1.4 கிலோதான் இருக்கும். ஆனால் வார்னிஷ் போட்டுச் சுட்ட பிறகு பாபினைத் தனியே எடுத்து எப்படி நிறுத்துவது?

அதற்குத்தான் ஆம்பியரின் விதி. காயிலின் அச்சிலேயே, ஒரு பக்கம் வெகுதூரத்திலிருந்து உள்ளே புகுந்து மறுபக்கம் வெகுதூரம் வரை, புலத்தை வழி முழுக்கக் கூட்டினால் வருவது 1.257 × ஆம்பியர்-சுற்று மட்டுமே. காயில் குட்டையா நெட்டையா, ஆரம் எவ்வளவு, அடுக்கு ஒழுங்காக இருக்கிறதா என்ற எதுவும் அதில் நுழையாது. எப்படிச் செய்வது: நடுவிலிருந்து இரு பக்கமும் 30 செ.மீ. வரை ஒவ்வொரு செ.மீ.க்கும் காஸைக் குறித்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். காயில் இரு பக்கமும் ஒன்றுபோல் என்பதால் ஒரு பக்கம் அளந்து இரட்டித்துக்கொண்டாலும் சரி, நடுப்புள்ளியை மட்டும் ஒரே தடவை எண்ணுங்கள். 2 ஆம்பியரில் மொத்தம் 2,513 வர வேண்டும், 30 செ.மீ.க்கு அப்பால் விட்டுப்போன வாலுக்காக 30 போலக் குறையும். 2,480 பக்கம் வந்தால் ஆயிரம் சுற்று இருக்கிறது. 2,000 என்று வந்தால் 800தான் இருக்கிறது, போய்க் கேளுங்கள். உங்கள் மூன்று அளவையும் வைத்து நான் பார்த்தவரை சுற்று சரியாகவே இருக்கிறது, அவரை விட்டுவிடுங்கள்.

கணபதியிலோ சிங்காநல்லூரிலோ மோட்டார் ரீவைண்டிங் கடையில் போய்க் கேட்டால், இந்தக் கணக்கெல்லாம் யாரும் போடுவதில்லை. போர் மோட்டார் எரிந்து வந்தால் பழைய காயிலை அறுத்து, சுற்றை எண்ணி, கேஜைப் பார்த்து, எத்தனை ஸ்லாட் தாண்டி விழுகிறது என்று குறித்துக்கொண்டு அப்படியே திரும்பக் கட்டுவார்கள். அது போதும்தான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து மோட்டாரும் பம்ப்பும் செய்து பழகிய ஊர் இது, அந்த அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டாரில் புலம் எங்கே போக வேண்டும் என்பதை இரும்பு ஸ்டாம்பிங் முடிவு செய்துவிடுகிறது. காயில் தள்ளிவிட்டால் போதும். இரும்பை எடுத்துவிட்டு வெறும் காற்றில் காயிலை வைக்கும்போதுதான் அதன் வடிவம் முழுக்கக் கணக்குக்குள் வருகிறது. அதனால்தான் நல்ல ரீவைண்டிங் ஆளிடம் கேட்டாலும் இதற்கு விடை கிடைப்பது கஷ்டம்.

வெளியே புலம் இருக்காது என்பதும் அந்த முடிவில்லாக் காயிலைப் பற்றிய பேச்சுதான். நிஜக் காயிலில் ஒரு வாயில் வெளியேறும் புலக்கோடு வெளியே சுற்றி வந்து மறுவாயில் நுழைந்தே ஆக வேண்டும். உள்ளே குறுகிய குழாயில் நெருக்கி ஓடுவது வெளியே பரந்து ஓடுவதால் வலு குறைவாகத் தெரிகிறது, அவ்வளவே.

தூரமாகப் போனால் கணக்கு இன்னும் எளிது. காயிலின் மூன்று நான்கு மடங்கு அளவு தள்ளிப் போய்விட்டால் அது குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும். அச்சில் புலம் = 0.2 × ஆம்பியர்-சுற்று × வளையப் பரப்பு ÷ நடுவிலிருந்துள்ள தூரத்தின் கனம். உங்கள் வளையப் பரப்பு 70.9 சதுர செ.மீ. நடுவிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் 1.05 காஸ். முனைகளை வைத்துச் சரியாகப் போட்டால் 1.07. 20 செ.மீ.யிலேயே 3.54க்கும் 3.65க்கும்தான் வித்தியாசம். 50 செ.மீ.யில் 0.23 காஸ், அதாவது பூமியின் புலத்தைவிடக் குறைவு. அச்சுக்குப் பதில் காயிலின் பக்கவாட்டில் அதே தூரத்தில் நின்றால் பாதிதான் இருக்கும், திசையும் எதிர்ப்பக்கம். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அது ஏசிக்கு வரும்போது உதவும்.

ஓரத்தில் எவ்வளவு என்று கேட்டீர்கள். இங்கேதான் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். காயிலின் நடுத்தளத்தில் அச்சைவிட்டுச் சுவர் பக்கம் நகர்ந்தால் புலம் கூடும், குறையாது. ஏனென்றால் வெற்றிடத்தில் புலம் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் குறைய முடியாது. அச்சு வழியே நடுவில் உச்சம் என்றால், பக்கவாட்டில் அங்கே அது பள்ளம். எவ்வளவு என்றும் அச்சில் எடுத்த அளவை வைத்தே சொல்லலாம். அச்சில் நடுவிலிருந்து ஒரு சிறு தூரம் போனால் எவ்வளவு குறைகிறதோ, அதே தூரம் பக்கவாட்டில் போனால் அதில் பாதி கூடும். உங்கள் காயிலில் அச்சில் 2 செ.மீ. போனால் ஏறக்குறைய 11 காஸ் குறைந்து 171 ஆகும். பக்கவாட்டில் 2 செ.மீ. போனால் ஐந்தரை காஸ் கூடி 188 பக்கம் வரும். மீட்டரை வைத்துப் பாருங்கள், இது உள்ளங்கையில் நெல்லிக்கனியாகத் தெரியும். கம்பியை நெருங்க நெருங்க இந்தக் குறுக்குவழி செல்லாது.

சுவரை ஒட்டியோ, வாய் விளிம்பிலோ துல்லியமாக வேண்டும் என்றால் நீள்வட்டத் தொகையீடுகள் வரும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காஸ் என்று எந்தப் பெயரால் அளக்கிறீர்களோ அந்த மனிதரே அதற்குச் சுலப வழியைக் காட்டியிருக்கிறார்: இரண்டு எண்ணை எடுத்து, அவற்றின் சராசரியையும், பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தையும் அடுத்த இரண்டு எண்ணாக வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால், நாலைந்து தடவைக்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த எண்ணிலிருந்து தொகையீடு கைக்கு வரும். எக்செல்லில் ஐந்து நெடுவரிசை. அதுவும் வேண்டாம் என்றால் எஃப்இஎம்எம் என்ற இலவச மென்பொருளில் அச்சுச் சமச்சீர் என்று தேர்ந்து, காயிலின் பாதி வெட்டுமுகத்தை ஒரு செவ்வகமாக வரைந்து விட்டுவிடுங்கள். எந்தப் புள்ளியில் கிளிக் செய்தாலும் காட்டும். சுற்றியுள்ள காற்றுவெளியைத் தாராளமாக வரையுங்கள், காயிலை ஒட்டி எல்லை போட்டால் புலம் நெருக்கப்பட்டுப் பொய் சொல்லும். இரும்பு சேர்ந்துவிட்டால் கைக்கணக்கைவிட அதுவே நல்லது.

அந்த இரும்புக்கு வருவோம். அட்டவணையில் மைல்டு ஸ்டீலுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று போட்டிருக்கும். அது இரும்பு வளையமாக மூடியிருந்தால் வரும் எண். திறந்த தடியில் இரண்டு முனையிலும் துருவம் உண்டாகி அவை உள்ளே எதிர்ப்புலம் போடும். எனவே முனை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பேசும், இரும்பின் தரம் அல்ல. நீளம் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு உள்ள தடியில் மொத்தமாக ஆறு மடங்கு போலத்தான் ஏறும். ஐந்து மடங்கு நீளமானால் பதினெட்டு, பத்து மடங்கானால் ஐம்பதை ஒட்டி. இது சீரான புலத்தில் வைத்த, முட்டை போல நீண்ட உருண்டைக்கான கணக்கு, தடிக்கு ஏறத்தாழப் பொருந்தும். உங்கள் காயிலுக்குள் 50 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளத் தடியைச் செருகிவிட்டு ஆயிரம் மடங்கை எதிர்பார்க்காதீர்கள். நல்ல சிலிக்கான் ஸ்டீல் வாங்கி மாற்றினாலும் அதே ஆறுதான். இரும்பைச் சுற்றி வளைத்து மூடி ஒரு இடைவெளி மட்டும் விட்டால் கதை வேறு: இடைவெளியில் புலம் ஏறக்குறைய 1.257 × ஆம்பியர்-சுற்று ÷ இடைவெளி. ஒரு செ.மீ. இடைவெளிக்கு உங்கள் 2000 ஆம்பியர்-சுற்று 2,500 காஸ் தரும். கசிவு போகக் கொஞ்சம் குறையும். இரும்பு 15,000 முதல் 20,000 காஸுக்குள் நிறைந்துபோகும், அதற்கு மேல் ஆம்பியரைக் கொட்டியும் பயனில்லை.

உங்கள் வேலைக்கு இரும்பு வேண்டியதே இல்லை. காந்தம் இறக்க வெறுங்காயில்தான் சரி, டூல் உள்ளே போய் வர வேண்டுமே.

கடைசியாக ஏசி. நேராக 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். ஏசியைக் காயில் தடுக்கும் குணமான இண்டக்டன்ஸ் உங்களுக்கு 53 மில்லி ஹென்றி பக்கம் வருகிறது. 50 ஹெர்ட்ஸில் அது 17 ஓமுக்கு ஒட்டி, தடையோடு சேர்த்து 18 ஓம். 230ஐ 18ஆல் வகுத்தால் 13 ஆம்பியர், சூடு ஒரு கிலோவாட்டுக்கு மேல். ஒன்றரை நிமிடத்துக்குள் 100 டிகிரி ஏறி வார்னிஷ் புகையும். மெயினிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் போட்டு 72 வோல்ட் கொடுங்கள். வேரியாக் மட்டும் இருந்தால் காயில் மெயினோடு நேரடித் தொடர்பிலேயே இருக்கும், தொட்டால் ஷாக். 72 வோல்ட்டில் 4 ஆம்பியர், சூடு 100 வாட், இரண்டு நிமிடத்தில் பதினைந்து டிகிரிக்குள் ஏறும். கிளாம்ப் மீட்டர் காட்டும் 4 ஆம்பியர் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது அதே சூட்டைத் தரும் டிசி அளவு. காந்தம் இறக்க உச்சம்தான் கணக்கு, அது 1.414 மடங்கு. நடுவில் உச்சம் 515 காஸ். பெரிய டூலைச் செருகினால் இண்டக்டன்ஸ் ஏறி ஆம்பியர் இறங்கும், வேரியாக்கைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். பாபின் ஃபைபராக இருந்தது நல்லதாகப் போயிற்று. அலுமினியக் குழாயில் கட்டியிருந்தால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி ஏசிப் புலத்தைத் தின்றிருக்கும்.

டூலை நடுவில் வைத்து அச்சு வழியாகவே மெதுவாக வெளியே இழுங்கள். எவ்வளவு தூரம்? தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு என்று மேலே சொன்ன கணக்கு இங்கேதான் வேலைக்கு வருகிறது. அந்த 4 ஆம்பியரின் உச்சத்தில் 50 செ.மீ.யில் 0.64 காஸ் இன்னும் மிச்சம் இருக்கும், 60 செ.மீ. தாண்டினால் 0.37, பூமியின் 0.4க்குக் கீழே. எனவே நடுவிலிருந்து 60 செ.மீ. வந்த பிறகு ஸ்விட்சை அணையுங்கள். டூல் உள்ளே இருக்கும்போது அணைத்தால், அந்த நொடியில் புலம் எந்தப் பக்கம் எவ்வளவு இருந்ததோ அதன்படி காந்தம் திரும்ப ஏறிவிடும். முன்னைவிட அதிகமாகவும் ஏறலாம். கரண்ட் தானாகப் போய்விட்டாலும் இதே கதிதான், வந்ததும் அந்த டூலை இன்னொரு முறை போட்டு எடுத்துவிடுங்கள்.